வயிற்றைத் திறக்கும் முன்: குடலை அடைக்கும் கட்டிகளும் கேட்கப்படாத கேள்விகளும்

(பெங்களூர் நீலசந்திராவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



குடல் அடைப்பு என்றதும் பலருக்குக் குடலிறக்கம் நினைவுக்கு வரும். சிலருக்குப் புற்றுநோய் நினைவுக்கு வரும். பழைய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடைப்பு ஏற்படுவதை மருத்துவ மாணவர்கள் அறிவார்கள். நான் இன்று எடுத்துக்கொண்டிருக்கும் காரணம் இவற்றுக்கெல்லாம் பின்வரிசையில் நிற்பது. நாம் விழுங்கிய நார், முடி, மருந்து, பால் போன்றவை செரிக்காமல் இரைப்பைக்குள் திரண்டு கட்டியாகி, ஒரு நாள் சிறுகுடலுக்குள் இறங்கி வழியை அடைத்துவிடுகின்றன. மருத்துவர்கள் இந்தக் கட்டியைப் பீசோர் என்பார்கள். சிறுகுடல் அடைப்போடு நூறு பேர் வந்தால் அவர்களில் நான்கு பேருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோதான் இது காரணமாக இருக்கும்.

இவ்வளவு அரிதான ஒன்றை ஏன் தேர்ந்தெடுத்தேன்? இந்த நோயின் காரணம் பெரும்பாலும் நோயாளிக்கே தெரியும். தெரிந்தும் அவர் சொல்வதில்லை, ஏனென்றால் யாரும் கேட்பதில்லை. பெரிய கருவிகள் கண்டுபிடிக்கத் தடுமாறுவதை நான்கைந்து எளிய கேள்விகள் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே மருத்துவருக்கும் மக்களுக்கும் சேர்த்து நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: வயிற்றைத் திறக்கும் முன் நோயாளி வாயைத் திறந்து பேச இடம் கொடுங்கள்.

முதலில் சற்றே பழங்கதை. ஆடு, மான் போன்ற விலங்குகளின் வயிற்றில் உருவாகும் இத்தகைய கட்டிகளை ஒரு காலத்தில் பொன்னுக்கு நிகராக மதித்தார்கள். எந்த நஞ்சையும் முறிக்கும் கல் என்று அரசர்கள் நம்பினார்கள். 17ஆம் நூற்றாண்டில் கோவாவிலிருந்த இயேசு சபையினர் இதோடு கஸ்தூரி, அம்பர், மணிக்கற்பொடி முதலியவற்றைச் சேர்த்துச் செயற்கைக் கற்கள் செய்தனர். பொற்பேழைகளில் வைத்துப் போற்றப்பட்ட அந்தக் 'கோவாக் கற்கள்' இன்றும் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. நம் வீடுகளில் குழந்தைகளுக்கு உரைத்துக் கொடுக்கும் கோரோசனையும் மாட்டின் உடலிலிருந்து கிடைப்பதுதான், ஆனால் அது பித்தப்பையில் விளையும் கல். பிரான்சில் அம்புரோவாஸ் பாரே என்ற அறுவை மருத்துவர் இந்த நம்பிக்கையைச் சோதிக்கத் துணிந்தார். 1567இல் வெள்ளிப் பாத்திரம் திருடியதற்காக மரண தண்டனை பெற்ற சமையற்காரர் ஒருவர், நஞ்சையும் கல்லையும் சேர்த்து விழுங்கிப் பிழைத்தால் விடுதலை என்ற நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டார். ஏழு மணி நேரம் துடித்து அவர் உயிர்விட்டார். அந்தக் கல் எதையும் முறிக்கவில்லை. அந்த மனிதரின் சாவோடு விலங்கின் வயிற்றுக் கல்லின் பெருமை சரியத் தொடங்கியது. மனித வயிற்றில் விளையும் கட்டியைப் பற்றிய மருத்துவ அறிவு வளர மேலும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

கட்டி எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். இரைப்பையின் கீழ்ப்பகுதி ஆட்டுக்கல்லைப் போல வேலை செய்கிறது. அமிலத்தில் ஊறிய உணவை அது திரும்பத் திரும்ப அரைக்கிறது. பைலோரஸ் என்னும் வாயில், உணவு செரிக்கும் நேரத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்த துகள்களையே சிறுகுடலுக்குள் விடும். மிஞ்சிய நாரும் தோலும் உள்ளேயே நிற்கும். வயிறு காலியான பிறகு, சுமார் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, வலுவான அலையொன்று எழுந்து அந்த மிச்சத்தைக் கூட்டித் தள்ளும். நாம் பட்டினி கிடக்கும்போது வயிறு உறுமுகிறதே, அந்த ஓசையில் இந்த அலைக்கும் பங்கு உண்டு. அமிலம், அரைவை, வாயிற்காவல், கூட்டித் தள்ளும் அலை ஆகிய நான்கும் ஒழுங்காக இருக்கும்வரை எவ்வளவு கீரை தின்றாலும் கட்டி விழுவதில்லை. இவற்றில் ஒன்றிரண்டு கெட்டால் நார் தங்கும். தங்கிய நாரில் அடுத்த வேளை நார் சிக்கும். சளியும் மாவும் அதை ஒட்டவைக்கும்.

இந்த நான்கையும் ஒரே நாளில் மாற்றிவிடும் அறுவைச் சிகிச்சை ஒன்று உண்டு. தென்னிந்தியாவில் அது மிகப் பரவலாகச் செய்யப்பட்டது. அந்த வரலாறு நம் மண்ணின் வரலாறு என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஹோவர்ட் சாமர்வெல் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1922இல் எவரெஸ்ட் ஏற வந்த குழுவில் இருந்தார். அந்தப் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கும்போது, அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் உள்ள நெய்யூருக்கு வந்தார். அங்கிருந்த மிஷன் மருத்துவமனையில் நோயாளிகளின் கூட்டத்தையும் மருத்துவர் பற்றாக்குறையையும் கண்டு, லண்டனில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு நெய்யூரிலேயே பணிசெய்ய முடிவெடுத்தார். 1924இல் மீண்டும் எவரெஸ்டுக்குப் போனவர், எட்டாயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தை எட்டித் திரும்பும் வழியில் மூச்சுவிட முடியாமல் பனியில் உட்கார்ந்துவிட்டார். கடுங்குளிரில் கருகிய அவருடைய தொண்டையின் உட்சவ்வே கழன்று மூச்சுப்பாதையை அடைத்திருந்தது. இறுதி முயற்சியாக இரு கைகளாலும் மார்பை அழுத்தி இருமினார். அடைப்பு வெளியே வந்து விழுந்தது. தன் உடம்பிலேயே ஓர் அடைப்பின் கொடுமையை அறிந்த அந்த மனிதர் நெய்யூருக்குத் திரும்பி, வயிற்று வலியால் துடித்து வந்தவர்களின் இரைப்பைகளைத் திறந்து புதுவழி அமைத்தார். அவர்களில் பெரும்பாலோருக்கு இருந்த நோய் முன்சிறுகுடல் புண். அந்தப் புண் ஆறித் தழும்பாகி இரைப்பையின் வாயிலையே சுருக்கிவிடும். இரைப்பையைச் சிறுகுடலோடு நேராக இணைத்துவிட்டால் உணவு சுருங்கிய வாயிலைத் தவிர்த்துப் போகும். 1949 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் அவர் இந்த அறிவை மாணவர்களுக்குக் கொடுத்தார்.

தெற்கில் மட்டும் இந்தப் புண் ஏன் இவ்வளவு அதிகம் என்று பலர் ஆராய்ந்தனர். குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார். திருவிதாங்கூர் ஏழைகளின் மரவள்ளிக்கிழங்கு உணவைத் தின்ற எலிகளுக்கு இரைப்பைப் புண் மிகுதியாக வந்தது. மைசூரின் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1950களிலும் 60களிலும் பணியாற்றிய பிராங்க் டோவி, அரிசி உண்ணும் தெற்கில் இந்தப் புண் மிகுதி, கோதுமை உண்ணும் வடமேற்கில் குறைவு என்று காட்டினார். இதற்கிடையே சிகாகோவில் டிராக்ஸ்டெட் 1943இல் ஒரு புது வழி திறந்தார். இரைப்பைக்கு அமிலம் சுரக்கக் கட்டளை கொண்டுவரும் வேகஸ் நரம்பை வெட்டிவிட்டால் புண் ஆறும் என்றார். நரம்பை வெட்டுவது, இரைப்பைக்கும் சிறுகுடலுக்கும் இணைப்பு வைப்பது என்ற இரண்டும் சேர்ந்த அறுவை, சென்னை, மதுரை, வேலூர், பெங்களூர் என்று எல்லா ஊர் மருத்துவமனைகளிலும் அன்றாடப் பணியாயிற்று. மக்கள் அதைக் 'குடல்புண் ஆபரேஷன்' என்றார்கள்.

1980களில் காட்சி மாறியது. ஆஸ்திரேலியாவில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் இந்தப் புண்ணுக்கு ஒரு பாக்டீரியா காரணம் என்று கண்டுபிடித்தனர். 2005இல் நோபல் பரிசு பெற்றனர். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளும் வந்தன. அறுவை தேவைப்படுவோர் வெகு சிலராகினர். இன்று இளம் மருத்துவர்கள் பலர் அந்த அறுவையைப் பாடப்புத்தகத்தில் மட்டுமே பார்க்கிறார்கள். ஆனால் அதைச் செய்துகொண்டவர்கள் நம்மிடையே வாழ்கிறார்கள். அன்று முப்பது வயதில் இருந்தவருக்கு இன்று எழுபது. அந்த அறுவை அவர்கள் உயிரைக் காத்தது; வலியில்லாத நாற்பது ஆண்டுகளைக் கொடுத்தது. அதோடு அமிலம் குறைந்த, அரைவை தளர்ந்த, வாயிற்காவல் இல்லாத ஓர் இரைப்பையையும் கொடுத்தது. அந்த நாற்பதாண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் நார்க்கட்டி விழலாம்.

எழுபது வயதில் வேறொன்றும் நடக்கிறது. பல் விழுகிறது. கடைவாய்ப் பற்கள் போனபின் ஆரஞ்சுச் சுளையை மென்று சாற்றை விழுங்கிச் சக்கையைத் துப்புவதற்குப் பதிலாகச் சுளையை அப்படியே விழுங்கிவிடுகிறார்கள். பனங்கிழங்கின் நாரும், பலாச்சுளையோடு வரும் நாரும், முருங்கைக்காய்ச் சக்கையும் முழுசாக உள்ளே போகின்றன. குன்னூர்ப் பக்கம் விளைந்து இப்போது பெங்களூர்ப் பழக்கடைகளிலும் கிடைக்கிற பெர்சிமன் பழத்தில், அதுவும் பழுக்காத காயில், டேனின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். அமிலத்தைச் சந்தித்ததும் அது பசையாகி நாரைப் பிடித்துக் கெட்டிப்படுத்தும். கொரியாவிலும் ஜப்பானிலும் இந்தப் பழத்தால் வரும் கட்டிகளுக்கென்றே மருத்துவத்தில் தனிப்பெயர் உண்டு.

கட்டி இரைப்பையில் இருக்கும்வரை தொல்லை பெரிதாகத் தெரியாது. கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்தாற்போல் இருக்கும், நெஞ்சுக்குழியில் கனக்கும், பசி குறையும். எல்லாவற்றையும் நாம் 'கேஸ் டிரபிள்' என்று ஒரே பெயரில் முடித்துவிடுகிறோம். ஒரு நாள் கட்டியோ அதன் துண்டோ சிறுகுடலுக்குள் இறங்குகிறது. சிறுகுடல் சுமார் ஆறு மீட்டர் நீளம். போகப்போக அதன் விட்டம் குறைகிறது. பெருங்குடலைத் தொடுவதற்கு இரண்டடி முன்னால், பின்சிறுகுடலில், கட்டி பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறது. அப்போது வருகிற வலி வேறு. விட்டுவிட்டு முறுக்கிப் பிழியும். முதலில் உணவாகவும், பிறகு பச்சையாகவும், கடைசியில் மலநாற்றத்தோடும் வாந்தி வரும். வயிறு உப்பும். மலம் போகாது, காற்றும் பிரியாது. நாளொன்றுக்கு ஏழெட்டு லிட்டர் செரிமான நீர் குடலுக்குள் சுரந்து மீண்டும் உறிஞ்சப்படுகிறது. அடைப்பு வந்ததும் அந்த நீரெல்லாம் குடலில் தேங்கும். உடம்பு வற்றிப்போகும்.

இந்த நேரத்தில் வீட்டில் நடப்பவை பலசமயம் ஆபத்தாகிவிடுகின்றன. விளக்கெண்ணெய் கொடுக்கிறோம், பேதி மருந்து கொடுக்கிறோம், குடலேற்றம் என்று வயிற்றை நீவிவிடுகிறோம். அடைபட்ட குடலைப் பேதி மருந்தால் விரட்டினால் அது மேலும் விம்மி இரத்த ஓட்டம் இழக்கும், ஓட்டையும் விழலாம். வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியவில்லை என்றால் வாய்வழி எதுவும் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

மருத்துவமனையில் மூக்கு வழியாகக் குழாய் இறக்கித் தேங்கிய நீரை வெளியேற்றுவோம். நரம்பு வழியாக நீரும் உப்பும் ஏற்றுவோம். சி.டி. ஸ்கேனில் விரிந்த குடலும் சுருங்கிய குடலும் சந்திக்கிற இடத்தில், உள்ளே சிறுசிறு காற்றுக்குமிழ்கள் சிதறிக் கிடக்கும் உருண்டையான நிழல் தெரியும். தேங்கிய மலமும் ஏறக்குறைய அப்படியே தெரியும் என்பதால் நிழலை மட்டும் நம்பிச் சொல்வது எளிதல்ல. வயிற்றின் மேற்பகுதியில், தொப்புளுக்கு மேலே, நடுக்கோட்டில் பழைய தழும்பு இருக்கிறதா என்று பார்த்து, 'அது எதற்குச் செய்த ஆபரேஷன் ஐயா?' என்று கேட்டவருக்கு அந்த நிழலின் பொருள் விளங்கிவிடும். கேட்காதவர் 'பழைய அறுவையால் குடல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பொறுத்துப் பார்ப்போம்' என்று இரண்டு மூன்று நாள் காத்திருக்கக்கூடும். குடல் ஒட்டல் பலருக்குக் காத்திருந்தாலே விலகும். கெட்டிப்பட்ட நார்க்கட்டி பெரும்பாலும் விலகாது.

அறுவை மேசையில் நடப்பதைக் கொஞ்சம் அருகிலிருந்து பாருங்கள். வயிற்றைத் திறந்ததும் உப்பிச் சிவந்த குடல்வளையங்கள் வெளியே தள்ளிக்கொண்டு வரும். அவற்றைத் தொட்டுத் தேடக்கூடாது, கிழிந்துவிடும். பெருங்குடலின் தொடக்கத்தைப் பிடித்து, அங்கிருந்து சுருங்கிய வெளிறிய குடலை விரலுக்கு விரல் மேல்நோக்கிக் கொண்டுபோக வேண்டும். ஓரிடத்தில் சுருங்கிய குடல் முடிந்து விரிந்த குடல் தொடங்கும். அங்கே மூன்று நான்கு சென்டிமீட்டர் அளவில் கட்டி கையில் தட்டுப்படும். குடற்சுவரோடு ஒட்டாமல் உள்ளே நகரும். புற்றுநோய்க் கட்டி அப்படி நகராது. முதலில் அதைக் குடற்சுவரின் மேலிருந்தே இரு விரல்களால் மெல்ல அமுக்கி உடைத்து, துளித்துளியாகப் பெருங்குடலுக்குள் தள்ளிவிட முயல்வோம். அங்கே போய்விட்டால் மலத்தோடு தானே வெளியேறும். கட்டி உடையவில்லை என்றால் குடலைத் திறந்து எடுக்க வேண்டும். நீளவாக்கில் வெட்டி, குறுக்குவாக்கில் தைப்போம், அப்போதுதான் தையல் போட்ட இடம் குறுகாது. வெளியே வந்த கட்டியைத் தட்டில் வைத்துப் பிரித்தால், சில நேரம் ஆரஞ்சுச் சுளையின் வெள்ளைச் சவ்வும் நாரும் உருமாறாமல் தெரியும். என்றோ விழுங்கியது அப்படியே இருக்கும்.

அதோடு தைத்து மூடிவிடக் கூடாது. ஒரு கட்டி இருந்தால் இன்னொன்று இருக்கலாம். சிறுகுடல் முழுவதையும் தொடக்கம் முதல் இறுதிவரை தடவிப் பார்க்க வேண்டும், இரைப்பையையும் வெளியிலிருந்து அமுக்கிப் பார்க்க வேண்டும். மேலே நின்ற இரண்டாவது கட்டியை விட்டுவிட்டால் அது சில நாட்களிலேயே இறங்கி மறுபடியும் அடைக்கும். இரண்டையும் எடுத்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: 'வீட்டுக்குப் போய் என்ன சாப்பிடப் போகிறீர்கள், எப்படி மெல்லப் போகிறீர்கள்?' அதைக் கேட்காமல் அனுப்பினால் மூன்றாவது கட்டிக்கு நாமே வழிவிட்டதாகிவிடும்.

அடுத்து முடிக்கட்டி. இதைப் பற்றிப் பேசும்போது தாய்மார்கள் கூர்ந்து கேட்க வேண்டுகிறேன். 2020 ஜனவரியில் கோயம்புத்தூரில் 13 வயதுச் சிறுமி ஒருத்தியின் வயிற்றிலிருந்து அரைக்கிலோ முடியையும் காலி ஷாம்பூ பாக்கெட்டுகளையும் மருத்துவர்கள் அகற்றினர். 2024இல் இதே பெங்களூரில் எட்டு வயதுச் சிறுமிக்கும் வயிற்றைத் திறந்து முடிக்கட்டி எடுத்த செய்தியைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். நீண்ட காலமாகப் பசியின்மையும் வாந்தியும் இருந்தும் காரணம் பிடிபடாமல் போன குழந்தை அவள். இந்த நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சிறுமிகளும் இளம்பெண்களும்தான்.

முடி செரிக்காது. வழவழப்பாக இருப்பதால் இரைப்பையின் அசைவு அதைப் பற்றித் தள்ளவும் முடியாது. மடிப்புகளில் சிக்கிச் சிக்கி, இரைப்பையின் வடிவத்திலேயே ஓர் அச்சாகத் திரண்டுவிடும். எந்த நிற முடியானாலும் அமிலத்தில் கறுத்துவிடும், உணவு அழுகி நாற்றமடிக்கும். சிலருக்கு அந்தக் கட்டியிலிருந்து நீளும் வால் சிறுகுடல் முழுவதும் இறங்கி அடைத்துவிடும். நீண்ட கூந்தலையுடைய கிரிம் சகோதரர் கதைப் பெண்ணின் பெயரால் 1968இல் அதற்கு ரப்பன்ஸல் நோய் என்று பெயரிட்டார்கள்.

ஒரு பெண் குழந்தை தன் முடியைப் பிடுங்கி ஏன் தின்கிறாள்? மனத்துக்குள் அடக்கிவைத்த பதற்றம், வீட்டில் நடந்த இழப்பு, தனிமை, பள்ளியில் பட்ட அவமானம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். இரும்புச்சத்துக் குறைவும் மண், சாம்பல், முடி போன்றவற்றைத் தின்னத் தூண்டும். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. முடிக்கட்டியைக் கரைக்க மருந்து இல்லை, எடுக்கத்தான் வேண்டும். எடுப்பது அரைமருத்துவம். மீதி அரைப்பாகம் அந்தக் குழந்தையோடு பேசுவதில் இருக்கிறது. அடித்தால் அவள் மறைவாகத் தின்பாள். தலையில் திட்டுத்திட்டாக முடியில்லாத இடம், வாயைத் திறந்தால் கெட்ட நாற்றம், மேல்வயிற்றில் அசையும் கட்டி, காரணமற்ற மெலிவு, இவற்றில் ஏதாவது தெரிந்தால் அவளை அருகில் அமர்த்திக் கேளுங்கள். ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. அதை வழிகாட்டு மையமாகக் கொண்டு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். குழந்தையை மனநல மருத்துவரிடம் காட்டுவது குடும்பத்துக்கு இழுக்கு என்று நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள்.

வேறு வகைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலச்சிக்கலுக்கு இசப்கோல் எடுப்பவர்கள் அதைப் போதுமான தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். குறைந்த நீரில் விழுங்கினால் அது வழியிலேயே உப்பி அடைக்கும். குறைமாதக் குழந்தைகளுக்குப் பால் பவுடரைச் சொன்ன அளவுக்கு மேல் கெட்டியாகக் கரைத்துக் கொடுத்தால் பாலே கட்டியாகும். நீரிழிவு நீண்டகாலம் கட்டுப்பாடின்றி இருந்தால் இரைப்பையின் நரம்புகள் கெட்டு, அறுவையே செய்யாதவருக்கும் இரைப்பை சோம்பிவிடும். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு இந்தியாவில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொல்கிறது. குடல்புண் அறுவை செய்துகொண்ட தலைமுறை மறைந்தாலும் இந்தக் கட்டிகள் மறையப்போவதில்லை என்பதற்கு அதுவே சான்று.

கோகோ கோலா குடித்தால் கட்டி கரையும் என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அதில் உண்மை இருக்கிறது. 2002இல் கிரேக்க மருத்துவர்கள் இரைப்பையிலிருந்த நார்க்கட்டிகளை அந்தப் பானத்தைச் செலுத்திக் கரைத்துக் காட்டினர். இப்போது எண்டோஸ்கோப்பி வழியே உடைப்பதோடு சேர்த்து இதையும் செய்கிறார்கள். ஆனால் அது இரைப்பையில் இருக்கும் நார்க்கட்டிக்கு, மருத்துவர் மேற்பார்வையில் செய்வது. பாதி கரைந்த துண்டு கீழிறங்கிக் குடலை அடைத்த நிகழ்வுகளும் உண்டு. வாந்தியோடு வயிறு உப்பியவருக்கு வீட்டில் பாட்டில் திறந்து கொடுப்பது தவறு.

நம் மக்களின் நம்பிக்கை ஒன்றையும் இங்கே பேசியாக வேண்டும். தமிழ்நாட்டு ஊர்களில் குழந்தை சாப்பிட மறுத்தால் தொக்கம் எடுக்கக் கூட்டிப்போவார்கள். பெரியவர் இளைத்துக்கொண்டே போனால் யாரோ சோற்றில் இடுமருந்து வைத்துவிட்டார்கள், அது குடலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, எடுக்க வேண்டும் என்பார்கள். எடுப்பவர் ஊதியோ உறிஞ்சியோ ஒரு துண்டைக் காட்டுவார், அதில் பெரும்பாலும் முடி இருக்கும். வயிற்றுக்குள் ஏதோ தங்கி உடம்பை உருக்குகிறது என்ற அவர்களுடைய ஐயத்தை நான் இழிவாகப் பேசமாட்டேன். இன்று நாம் பார்த்தது போல, சிலருக்கு உண்மையிலேயே தங்கியிருக்கிறது. ஆனால் அதை ஊதி எடுக்க முடியாது. யாரோ வைத்தார்கள் என்ற பழி இரண்டு குடும்பங்களைப் பிரிக்கிறது, எண்டோஸ்கோப்பி செய்ய வேண்டிய மாதங்களையும் விழுங்கிவிடுகிறது. தொக்கம் எடுப்பவரிடம் மக்கள் ஏன் போகிறார்கள் என்று மருத்துவர்களும் யோசிக்க வேண்டும். அவர் உட்காரவைத்து, எப்போதிலிருந்து, யார் வீட்டில், என்ன சாப்பிட்டபின் என்று நிதானமாகக் கேட்கிறார். அந்த நிதானம் நம்மிடமும் இருக்கலாமே.

வாய் பேசாத உயிர்களின் நிலை இதைவிட மோசம். 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அகற்றினார்கள். மாடு என்ன தின்றது என்பதை அதனிடம் கேட்க முடியாது, அதை வளர்த்த தெருதான் சொல்ல வேண்டும். மீந்த சோற்றைப் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு வீதியில் வைக்கிற ஒவ்வொருவரும் அந்த 52 கிலோவில் பங்குதாரர். சோற்றைத் தனியே கொட்டுங்கள், பையைத் தனியே கொடுங்கள்.

இப்போது நீலசந்திராவுக்கு வருகிறேன். இந்தப் பகுதியில் தமிழ், உருது, கன்னடம், தெலுங்கு எல்லாம் ஒரே சந்தில் கேட்கும். மருத்துவமனைகளும் அருகிலேயே உள்ளன. நம் முதியவர் ஒருவர் அவசரப் பிரிவுக்குப் போகிறார். பணியிலிருக்கும் இளம் மருத்துவர் கேரளத்திலிருந்தோ வடநாட்டிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். 'முன்பு ஏதாவது சர்ஜரி?' என்று கேட்கிறார். பெரியவர் 'இல்லை' என்கிறார். அவரைப் பொறுத்தவரை நாற்பது வருடத்துக்கு முன் ஊரில் செய்த குடல்புண் ஆபரேஷன் முடிந்துபோன கதை, இன்றைய வலியோடு அதற்குத் தொடர்பில்லை. மகனுக்கு அது தெரியவே தெரியாது, அவன் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. மனைவிக்குத் தெரியும். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், அவரை யாரும் கேட்கவில்லை. நோயின் காரணம் அந்தப் பெஞ்சில் காத்திருக்கிறது.

மாணவ மாணவியரே, உங்களிடம் என் வேண்டுகோள் இது. குடல் அடைப்போடு வருபவரிடம் ஐந்து கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள், அவருடைய மொழியில் கேளுங்கள், மொழி தெரியாவிட்டால் தெரிந்தவரை அழைத்துக் கேளுங்கள். இந்தத் தழும்பு எதற்காக வந்தது? பல் இருக்கிறதா, பல் செட் பொருந்துகிறதா? இந்த ஒரு வாரத்தில் நார் அதிகமான பழமோ கிழங்கோ சாப்பிட்டீர்களா? சர்க்கரை நோய்க்கோ மலச்சிக்கலுக்கோ என்ன மருந்து எடுக்கிறீர்கள்? முடி, மண், சாம்பல் தின்னும் பழக்கம் உண்டா? கடைசிக் கேள்வியைக் குழந்தையிடம் தனியாகக் கேளுங்கள். மருத்துவமனைகள் எல்லாம் இந்த ஐந்தையும் சேர்க்கைத் தாளில் தமிழ், கன்னடம், உருது எழுத்துகளில் அச்சிடலாம்.

வயிற்றில் பழைய அறுவை செய்துகொண்ட பெரியோர்களே, அதை ஒரு சிறு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். எந்த ஆண்டு, எந்த ஊர், எதற்காக என்று மூன்று வரி போதும். பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். ஆரஞ்சையும் சாத்துக்குடியையும் சாறாகக் குடியுங்கள், அல்லது சவ்வை உரித்துச் சாப்பிடுங்கள். முருங்கைக்காய்ச் சக்கையைத் துப்பிவிடுங்கள். கீரையைப் பொடியாக நறுக்கி மசியலாகக் கடைந்து சாப்பிடுங்கள். நாரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாய் செய்ய முடியாத வேலையை அரிவாள்மணையோ மத்தோ செய்யட்டும் என்கிறேன்.

இறுதியாக, இந்த அறக்கட்டளையை நடத்துவோருக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் சொற்பொழிவு நடத்துகிறீர்கள், அது நல்ல பணி. அதோடு ஆண்டுதோறும் இந்தப் பகுதி முதியவர்களில் வசதியற்ற சிலருக்குச் சரியாகப் பொருந்தும் பல் செட் செய்துகொடுக்க நிதி ஒதுக்குங்கள். குடல் அடைப்புக்கு ஓர் அறுவைச் சிகிச்சை செய்தால் ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுதும் கரைந்துவிடுகிறது. வயது முதிர்ந்தவர் உயிருக்கும் ஆபத்து. நன்றாக மெல்லக்கூடிய வாய் அந்த ஆபத்தைக் குறைக்கும், மூன்று வேளைச் சாப்பாட்டின் ருசியையும் திருப்பித் தரும். பல் மருத்துவர்கள் இங்கே இருக்கிறீர்கள், உதவி செய்ய முன்வாருங்கள். இந்தப் பணிக்கு என் பங்காக, அறுவை செய்துகொண்ட பெரியோர்களின் அட்டைகளை உட்கார்ந்து எழுதித்தர நான் வருகிறேன்.